கையெழுத்துப் போட வேண்டியவர்

துரையின் ஐந்து தலைமுறைப் பெயர்களும் தங்க ஓரம் போட்ட காகிதத்தில் அச்சாகியிருந்தன. மாப்பிள்ளைக்குத் தன் தாத்தாவைத் தாண்டி ஒரு பெயரும் தெரியாது. "இந்த வீட்டுலயே வம்சாவளி எழுதி வச்சிருக்கறது துரை ஒருத்தன்தான்" என்று மாமனார் வருகிறவர்களிடம் சொல்வார். சொல்லும்போது அவர் கண் ஒரு தரம் மாப்பிள்ளை பக்கம் போய்விட்டு வரும்.

மாமனார், தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை இருந்தால் சரி, இல்லாவிட்டால் தப்பு. இரண்டுக்கும் நடுவே அவருக்கு உலகம் கிடையாது. ஓய்வு பெற்ற மாதமே இந்த ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியை வாங்கி வந்தார். காகிதத்தில் இருந்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. யாரையும் சட்டை செய்யாத அதன் பார்வையைப் பார்த்துவிட்டு அவர் மகள்தான் துரை என்று பெயர் வைத்தாள்.

மாப்பிள்ளை பல் செட் செய்கிறவர். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்து, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாகப் பதிக்கிற வேலை. மாமனாரின் மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும் அவர் கைவண்ணம்தான். "நான் செஞ்சு குடுத்த பல்லாலயே என்னைக் கடிக்கிறார்" என்று வேலை செய்யும் இடத்தில் சொல்லிச் சிரிப்பார். வீட்டில் சொன்னதில்லை. மாமியார் இறந்த சமயத்தில், அப்பாவுக்குத் துணையாகக் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று மனைவியோடு வந்து தங்கியவர். அந்தக் கொஞ்ச நாளுக்குப் பதினோரு வயது ஆகிவிட்டது.

துரை பேருக்குத்தான் மாமனாரின் நாய். காலையில் நடத்திக்கொண்டு போவது, காதில் உண்ணி பார்ப்பது, மழையில் நனைந்தால் துவட்டி விடுவது எல்லாம் மாப்பிள்ளை. அவர் வேலையிலிருந்து திரும்பும் நேரத்துக்குத் துரை கேட்டருகே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வீட்டில் அவருக்காகக் காத்திருக்கிற ஜீவன் அது ஒன்றுதான் என்று மனைவியைச் சீண்டுவார்.

துரைக்கு ஒன்றரை வயது இருக்கும்போது அடுத்த தெருவில் அச்சகம் வைத்திருக்கிறவர் வந்தார். அவரிடம் அதே இனத்தில் ஒரு பெட்டை இருந்தது. ஜோடி சேர்க்கலாமா என்று கேட்டார். மாமனாருக்கு வாயெல்லாம் பல்.

"தாராளமா! அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க" என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகு உள்ளே திரும்பி, "மாப்பிள்ளை, டாக்டர்கிட்ட ஒரு நடை காட்டி, நல்லா இருக்கான்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

கால்நடை டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. துரையைத் தகரம் பாவிய மேஜை மேல் நிறுத்தி, கண், காது, நெஞ்சு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர் பின்னங்கால்களுக்கு இடையே தடவிப் பார்த்தார். இன்னொரு தரம் தடவினார். மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

"சார், இவனுக்கு ஒரு விதைதான் கீழ இறங்கியிருக்கு. இன்னொண்ணு வயித்துக்குள்ளயே தங்கிடுச்சு. இந்த வயசுக்கு மேல இறங்காது."

"ஒண்ணு இருக்கே டாக்டர்?"

"இருக்கு. குட்டியும் பிறக்கும். அதுதான் வம்பு. ஆண் குட்டிங்களுக்கு இதே குறை வரலாம். பெண் குட்டிங்க வெளிய தெரியாம சுமந்துட்டுப் போய் அதுங்க குட்டிக்குக் குடுக்கும். இவனை ஜோடி சேர்க்கவே கூடாது." கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உள்ள தங்கினது சும்மா இருக்காது. பின்னாடி கட்டியா மாறலாம். இப்பவே ரெண்டையும் எடுத்துட்டா நாலு நாள்ல ஓட ஆரம்பிச்சுடுவான். நீங்க சரின்னா புதன்கிழமை செஞ்சுடலாம். உரிமையாளர் கையெழுத்து வேணும். நீங்கதானே?"

"இல்ல... மாமனார்."

"அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர், குடையை எடுத்துக்கொண்டு வாங்க என்பது போல.

வரும் வழியெல்லாம் மாப்பிள்ளை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சீட்டு எங்க?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமா. ஒரே ஒரு... அதாவது, ஒண்ணுதான் இருக்கு."

"என்ன ஒண்ணுதான் இருக்கு?"

பரிமாறிக்கொண்டிருந்த மகள் குபுக்கென்று சிரித்துவிட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மாப்பிள்ளை மென்று விழுங்கி, டாக்டர் சொன்னதை ஒருவழியாகச் சொல்லி முடித்தார். மாமனார் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வித்தவன் அஞ்சு தலைமுறையா எழுதி, சீல் வச்சுக் குடுத்திருக்கான். அவன் கண்ணுக்குத் தெரியாத குறை இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தொட்டுப் பார்த்தாங்க மாமா."

"தொட்டுப் பார்த்தாங்களாம்! நான் வாக்குக் குடுத்தாச்சு. அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிப்பேன்? குத்துக்கல்லாட்டம் இருக்கற நாயை அறுத்துக் கட்டிப் போடணுமாக்கும்?" குரல் திடீரென்று தணிந்தது. "மாப்பிள்ளை, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது யாரு நாய்?"

அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு பதில்தான் உண்டு.

"உங்க நாய்தான் மாமா."

பேச்சு அதோடு முடிந்தது.

அறைக்குள் வந்ததும் மனைவியிடம் கெஞ்சினார். "நீயாவது சொல்லேன்."

"நான் சொன்னா புருஷன் சொல்லிக் குடுத்துப் பேசறாம்பார். கொஞ்சம் ஆறப் போடுங்க, நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்" என்றாள். அவள் சொல்வதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அச்சகக்காரர் பெட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்றார். மை படிந்த விரலால் துரையின் நெற்றியைத் தடவியபடி மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்டார்: "டாக்டர் என்ன சொன்னாங்க?"

அந்த நேரம் பார்த்து மாமனார் வாசலுக்கு வந்தார். "முதல் தரம்னுட்டாங்க. இல்லையா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை குனிந்து துரையின் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். தலை ஒரு தரம் ஆடியது. எந்தப் பக்கமாக ஆடியது என்று அவருக்கே தெரியவில்லை. ஆமாம் என்று அச்சகக்காரர் எடுத்துக்கொண்டார்.

எட்டுக் குட்டிகள் பிறந்தன. மாமனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் குட்டிகளைப் பற்றியே பேச்சு. அடுத்தடுத்த வருஷங்களில் இன்னும் இரண்டு இடங்களிலிருந்து வந்து கேட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் தடுப்பூசி போட்டுவிட்டு வரும்போது மாப்பிள்ளை பேச்செடுப்பார். "உள்ள இருக்கறதையாவது எடுத்துடலாம் மாமா." "இன்னும் விடலையா நீங்க?" என்பார் மாமனார். டாக்டரும் ஒவ்வொரு வருஷமும், "அவரைக் கூட்டிட்டு வரலையா?" என்று கேட்பார். மாப்பிள்ளை அங்கேயும் சிரிப்பார், இங்கேயும் சிரிப்பார்.

துரைக்கு ஆறு வயதானபோது விலாவில் முடி கொட்டத் தொடங்கியது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக, அளவெடுத்துச் சிரைத்தது போல. ஷாம்பூ மாற்றிப் பார்த்தார்கள். பிறகு முலைக்காம்புகள் வீங்கின. அதற்கப்புறம் நடந்ததுதான் மாமனாரைக் குலைத்துப் போட்டது. தெருவிலுள்ள ஆண் நாய்கள் துரையின் பின்னால் மோப்பம் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தன. மேலே ஏறப் பார்த்தன. துரை வாலை இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் கால்களுக்கு நடுவே புகுந்தது. ஒரு நாள் கூட வந்த மாமனார் பாதி வழியில் திரும்பி விடுவிடுவென்று வீட்டுக்குப் போய்விட்டார்.

"இனிமே அவனை வெளிய கூட்டிட்டுப் போகாதீங்க" என்றார் அன்று. டாக்டரிடம் போகலாம் என்று மகள் சொன்னதற்கும், வெயில் குறைந்தால் சரியாகிவிடும் என்றார். இப்படியே ஐந்து வாரம் ஓடிப்போயிற்று.

ஒரு காலையில் துரை கொட்டாவி விட்டது. மாப்பிள்ளை தற்செயலாகப் பார்த்தார். ஈறின் நிறம் அவருக்குத் தொழில். எத்தனை விதமான ரோஜா நிறம் உண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். துரையின் ஈறு அந்த நிறம் எதிலும் இல்லை. உருக்கி ஊற்றிய மெழுகு போல வெளுத்திருந்தது. நடுவே ஊசி குத்தினாற்போலச் சிவப்புப் புள்ளிகள். யாரையும் கேட்காமல் துரையை வண்டியில் ஏற்றினார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. வயிற்றை ஸ்கேன் எடுத்து, திரையில் எலுமிச்சை அளவு நிழல் ஒன்றைக் காட்டினார்.

"உள்ள தங்கின விதைதான். கட்டியாயிடுச்சு. அது பெண் ஹார்மோனைச் சுரந்து தள்ளுது. அதனாலதான் மத்த நாய்ங்க பின்னாடி வருது. அது போகட்டும். அதே ஹார்மோனால எலும்புக்குள்ள ரத்தம் ஊறுறதே நின்னு போச்சு."

"எடுத்துட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"எடுத்தாகணும். எடுத்தப்புறம் ரத்தம் திரும்ப ஊறுமான்னு என்னால சொல்ல முடியாது. அதுக்கே முதல்ல வேற நாயோட ரத்தம் ஏத்தணும்." ஒரு காகிதத்தை நகர்த்தினார். "கையெழுத்து."

மாப்பிள்ளை போன் செய்தார். அரை மணியில் மாமனார் வந்து இறங்கினார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். திரையைப் பார்க்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. "எங்க போடணும்?" என்றார். ஆயிரக்கணக்கான எடைக்கற்களுக்கு முத்திரை குத்திய கையால் அங்கே கையெழுத்துப் போட்டார்.

ரத்தத்துக்கு யாரிடம் போவது என்று யோசித்தபோது அச்சகக்காரர் நினைவுதான் வந்தது. அவர் முதல் ஈற்றில் ஓர் ஆண் குட்டியைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அப்பனுக்குப் பிள்ளை குடுக்காம வேற யாரு குடுப்பா?" என்று துரையின் காதைத் தடவினார்.

ரத்தம் எடுப்பதற்கு முன் டாக்டர் அந்த நாயைப் பரிசோதித்தார். கை பின்னங்கால்களுக்கு இடையே போனதும் மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவனுக்கும் ஒண்ணுதான் இறங்கியிருக்கு. சீக்கிரம் எடுத்துடுங்க."

அச்சகக்காரர் மாமனாரைப் பார்த்தார். "அவங்கப்பன் முதல் தரம்னு டாக்டர் சொன்னாங்கன்னு..."

மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலை அப்படிக் கவிழ்ந்து மாப்பிள்ளை பார்த்ததில்லை.

"சொல்லலை சார்" என்றார் மாப்பிள்ளை. "குறை இருக்குன்னுதான் சொன்னாங்க. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அச்சகக்காரர் தன் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டார். "இவனை ஜோடி சேர்க்க நாலு இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டேனே சார்" என்றார் பிறகு, தனக்குத் தானே சொல்வது போல. "எந்தக் குட்டி எங்க இருக்குன்னு இப்ப நான் யாரைப் போய்க் கேப்பேன்?" அப்புறம் டாக்டரிடம், "நீங்க ரத்தத்தை எடுங்கம்மா. பாவம், அது என்ன பண்ணும்" என்றார். எடுத்து முடித்ததும் தன் நாயைக் கூட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

அறுவை சிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. மூன்றாம் நாள் துரை வீட்டுக்கு வந்தது. மாமனார் தன் பாயைக் கூடத்தில் அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சோற்றைக் குழைத்துக் கையாலேயே ஊட்டினார். முதல் இரண்டு நாள் சாப்பிட்டது. மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார். "எப்படி இருக்கு?" என்பார் மாமனார். "நேத்து மாதிரியேதான் மாமா" என்பார். நேற்றைவிட வெளுத்திருக்கும். இரண்டாம் தரம் ரத்தம் ஏற்றினார்கள். "பார்க்கலாம்" என்றார் டாக்டர். மறு தரம் போனபோது அதையும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், மாமனாரின் முழங்காலில் முகவாயை வைத்தபடியே துரை போய்விட்டது. மனைவி போன் செய்தபோது மாப்பிள்ளை யாருக்கோ முன்பல் வரிசை பதித்துக்கொண்டிருந்தார். அப்படியே வைத்துவிட்டு வந்தார். கொல்லைப்புறத்தில் அவரே குழி தோண்டினார். உதவிக்கு வந்த மாமனாரை மகள் பிடித்து உட்கார வைத்தாள்.

சாயங்காலம் மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் விளக்குப் போடத் தோன்றவில்லை.

"மாப்பிள்ளை" என்றார் மாமனார். "அன்னிக்கு நீங்க ஏன் என்கிட்ட சண்டை போடலை?"

உங்க வீடு, உங்க நாய், உங்க சோறு என்று என்னென்னவோ தொண்டை வரைக்கும் வந்தது.

"தெரியலை மாமா."

மாமனார் கூடத்தில் கிடந்த தன் பாயைச் சுருட்டினார்.

"போட்டிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

தேற்றுகிறாரா, தன்னையே வைதுகொள்கிறாரா என்று மாப்பிள்ளைக்கு விளங்கவில்லை. எழுந்து போய் விளக்கைப் போட்டார்.