குளிரில் வேர்த்தது

என் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்ததைக் குன்னூர் மார்க்கெட்டே கூடி நின்று பார்த்தது. எங்கள் கம்பளி நூல் கடையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "அம்மா!" என்று கத்தியபடி நூல் மூட்டைமேல் சாய்ந்தார். கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள், யாரோ ஜீப் கொண்டுவந்தார்கள். வாழ்நாள் முழுக்க எதையும் சத்தமில்லாமல் செய்யத் தெரியாத மனிதர். போகும்போதும் அப்படியே போனார். மாரடைப்பு என்றால் இப்படித்தான் வரும் என்று நானும் என் மகன் கீர்த்திவாசனும் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டோம்.

அதன்பிறகு கடையை நான் பார்த்துக்கொண்டேன். கீர்த்தி பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்பான். ஆச்சு, ஆச்சு என்பேன். மற்ற நாட்களில் நான் பேசுவதெல்லாம் என்ன நிறம், எத்தனை உருண்டை என்பதுதான். வீட்டுக்குப் போனால் அதுவும் இல்லை. டி.வி.யில் யாராவது சண்டை போட்டால், பரவாயில்லை, வீட்டில் ஆள் இருக்கிறது என்று தோன்றும். சிரிக்காதீர்கள். தனியாக இருந்து பார்த்தால் தெரியும்.

இந்த ஜனவரியில் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. வீட்டுப் படி ஏறும்போது பாதியில் உட்கார வேண்டியிருந்தது. வயசாகிறது என்று விட்டுவிட்டேன். தாடை வலித்தது. கடைவாய்ப் பல்தான் என்று கிராம்பு வைத்தேன். முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, பாரம் வைத்ததுபோல் அழுத்தியது. கை எட்டிய மட்டும் தைலம் தேய்த்தேன். எட்டாத இடத்தில்தான் வலி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்க ஆள் இல்லை.

புதன்கிழமை காலை கடையில் உட்கார்ந்திருந்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. கீர்த்திக்கு நானே போன் செய்து சொன்னேன்.

"அப்பாவுக்கு வந்தாப்ல நெஞ்சு வலிக்குதாம்மா?"

"இல்லடா கண்ணு."

"அப்ப கேஸ்தான். ஒரு சோடா குடி. மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்."

எனக்கும் நிம்மதிதான். போனை வைத்ததும் ஏனோ அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் பேக்கரிக்குச் சோடா வாங்கப் போனேன். பேக்கரிக்காரன் சில்வஸ்டர் குல்லாவும் மஃப்ளருமாக அடுப்பருகே குளிர் காய்ந்துகொண்டிருந்தான்.

"ஏனுங்க தங்கமணியக்கா, இப்பிடி நனைஞ்சிருக்கீங்க? மழை எங்க பேஞ்சுது?"

முகத்தைத் தொட்டேன். கை ஈரமானது. ஸ்வெட்டருக்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஊரே குளிரில் நடுங்குகிறது, எனக்கு மட்டும் வேர்க்கிறது. இதற்கு ஒரு காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பயந்துபோனேன்.

"சோடா வேண்டாம், சில்வஸ்டர். என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா?"

யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத வாய். இதைக் கேட்பதற்குள் கூனிக்குறுகிப் போனேன். அவன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினான்.

இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "அட்டாக்குங்கம்மா" என்றார்.

"நெஞ்சு வலிக்கலீங்களே!"

"சில பேருக்கு, அதுவும் பொம்பளைங்களுக்கு, நெஞ்சு வலியே இல்லாமயும் வரும். தாடை, முதுகு, களைப்பு, குமட்டல், வேர்வைன்னு வேற மாதிரி காட்டும். இப்பவாச்சும் வந்தீங்களே. உடனே கோயமுத்தூர் போகோணும். கூட யாரு வர்றாங்க?"

சில்வஸ்டர்தான், "நான் போறேனுங்க" என்றான்.

ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தபோது கீர்த்தி கூப்பிட்டான். சில்வஸ்டர் சொல்லியிருப்பான் போலிருக்கிறது. போனை என் காதில் வைத்தான்.

"நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே ஓடி வந்திருப்பனேம்மா!" மகன் விம்மினான்.

மூக்கிலிருந்த மாஸ்க்கை விலக்கினேன்.

"இப்பவும் வலிக்கலடா," என்றேன். "இருந்தாலும் வா."