துண்டுக்கு மேல் நாடி

ரப்பர் விலை விழுந்த வருஷம் எங்கள் துரைக்குக் கூலிகளின் உடம்பு மேல் திடீரென்று அக்கறை வந்தது. கிள்ளானுக்குத் தெற்கே இருந்த அந்தத் தோட்டத்தில், விடியுமுன் எழுந்து மரப்பட்டை வெட்டிப் பால் வாளி சுமக்கிறவர்களுக்குத் தேகப்பயிற்சி போதவில்லை என்று கோலாலம்பூர் கிளப்பில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு முடிந்ததும் கையைத் தூக்கித் தூக்கிக் குதிக்க வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி டிரெஸர் கிளாரன்ஸ் நாடி பிடிப்பார். நாடி சரியில்லாதவர்களுக்கு லேசான வேலை; பெண்களானால் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கலாம்.

அந்தக் கொட்டகைதான் எனக்கு வேண்டியிருந்தது. சில மாதங்களாகவே வாளியைத் தூக்கினால் நெஞ்சு தாறுமாறாக அடித்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். யாராவது பார்த்தால் மரத்தைப் பரிசோதிப்பது போல் பாவனை செய்வேன்.

முதல் நாள் டிரெஸர் வள்ளியம்மாவின் மணிக்கட்டைத் தொட்டதும் ஆண்கள் வரிசை முணுமுணுத்தது. என் வீட்டுக்காரர் பக்கிரிசாமிதான் முன்னால் வந்தார்.

"பொம்பளைங்க கைய அந்நிய ஆம்பள புடிக்கிறதாவது. துண்டு போட்டுப் புடிங்கய்யா."

கங்காணி தம்புசாமி தன் தோள் துண்டையே நாலாக மடித்துக் கொடுத்தார். அதன்மேல் டிரெஸர் இரண்டு விரலை வைப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், "எழுபத்திரண்டு" என்பார். எல்லாப் பெண்களுக்கும் எழுபத்திரண்டு. பத்தினிகளுக்கு நெஞ்சுகூட ஒரே மாதிரிதான் அடிக்கும் போலிருக்கிறது.

"மரத்துல போட்டுப் புடிச்சாலும் எழுபத்திரண்டுதான் லா," என்றாள் வள்ளியம்மா என் காதில்.

ஒரு காலையில் குதித்து நிற்கும்போது எனக்குக் கண் இருட்டியது. டிரெஸர் துண்டோடு வந்தார். தினமும் பால் நிறுக்கையில் கணக்கெழுதும் கிராணி வாளியோடு சேர்த்து என் விரல்களையும் பிடிப்பார். அதற்கு யாரும் துண்டு கேட்டதில்லை. எனக்குள் வெட்கம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. ஆனால் பயத்துக்குப் பின்னால்தான் நின்றது.

துண்டை எடுத்துவிட்டுக் கையை நீட்டினேன்.

டிரெஸர் வெறும் மணிக்கட்டைப் பிடித்தார். எண்ணிக்கொண்டிருந்த டிரெஸரின் உதடுகள் பாதியில் நின்றன. மறுபடி எண்ணினார். துரையிடம் போய் இங்கிலீஷில் பேசினார். துரை சொன்னதைக் கேட்டுக்கொண்டு கங்காணி என்னிடம் வந்தார்.

"இராஜம்மா, ஒன் நெஞ்சு சரியில்லையாம். தொரை ரொம்ப வருத்தப்படுறாரு. நாளையிலேருந்து நீ குதிக்க வேணாம்."

"கொட்டகைக்குப் போகட்டுங்களா?"

"கொட்டகையில ஆளு இருக்கு. நீ மரத்துக்குப் போ. குதிக்கத்தான் வேணாம்."

துரையின் கருணைக்குக் கும்பிடு போட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டேன். நெஞ்சுக்கு என்ன என்று கேட்பார், எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்:

"எவ்வளவு நேரம் புடிச்சிருந்தான்?"