மெத்தைக் கம்பெனியின் பிரிவாற்றாமை

தையல்கார அக்கா மெத்தைக் கம்பெனிக்கு ஏழு தடவை எழுதிவிட்டாள், அவர்கள் இணையதளத்தில் உள்ள தன் கணக்கை நீக்கச் சொல்லி. "உங்கள் பிரிவை எப்படித் தாங்குவோம்!" என்று ஒவ்வொரு தடவையும் உருகிவிட்டு, மறுநாளே நாலு விளம்பர மெயில் அனுப்பினார்கள். அந்தக் குவியலுக்கு அடியில் கிடந்த கல்யாண உடுப்பு ஆர்டரை அவள் பார்க்கவே இல்லை. அது வேறு கடைக்குப் போய்விட்டது.

"விட்டுத் தொலைக்கா" என்றான் தம்பி.

"இருடா. கணக்கை நீக்கத்தான் மூணு மாசமாம். மெயில் முகவரியை மாத்தினா உடனே மாறுது."

ஒவ்வொரு விளம்பரத்தின் கீழும் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் பெருமையாகத் தன் மெயில் முகவரியைப் போட்டிருந்தார். அக்கா அதையே தன் கணக்கில் போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் திறந்து பார்த்தால், அப்படியொரு கணக்கே இல்லை என்றது திரை.

"பாவம்டா, மூணு நாள்கூடத் தாங்கலை" என்றாள் அக்கா, புது ஆர்டருக்குத் துணியை விரித்தபடி.