நிறைந்தே இருக்கும் கிளாஸ்

எடைப்பாலம் என்பது தரையோடு தரையாகப் பதித்த இரும்பு மேடை. லாரி காலியாக வந்து ஏறும், எழுதிக்கொள்வேன். சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்பி வரும், மறுபடி எழுதுவேன். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் சரக்கின் எடை. மேடைக்கு அடியில் நான்கு மூலையிலும் கெட்டியான எஃகுத் துண்டுகள் இருக்கின்றன. பாரம் ஏறும்போது அவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுங்கும். அந்த நசுங்கலைக் கம்பிகள் உணர்ந்து, என் அறைக்குள் இருக்கும் பெட்டியில் சிவப்பு எண்ணாகக் காட்டும். பினாங்குத் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கிடங்கில் எனக்கு அந்த வேலை.

அந்தப் பெட்டிக்கு இருபது கிலோதான் ஒரு படி. இருபது, நாற்பது, அறுபது என்றுதான் அது எண்ணும். இடையில் உள்ளதைப் பக்கத்தில் இருக்கும் எண்ணோடு சேர்த்துவிடும். லாரிக்கு அது போதும். 1986ஆம் வருடம் முழுக்க, முதல் லாரி வருவதற்கு முன்னால் நான் அதில் ஏறி நின்று ஜன்னல் வழியாக எண்ணைப் பார்ப்பேன். 100 என்று காட்டும். என் உண்மையான எடை தொண்ணூற்று நான்கு. ஒரு கிலோ குறைந்தாலும் அதற்குத் தெரியாது. தெரியாது என்று தெரிந்தும் ஏறி நிற்பேன்.

என் தங்கை தனலெட்சுமிக்கு இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயிருந்தன. வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்திருப்பாள். ரத்தத்தை ஒரு குழாயில் எடுத்து, சல்லடை மாதிரியான மெல்லிய இழைகளுக்குள் ஓடவிட்டு, அழுக்கையும் மிஞ்சிய நீரையும் வெளியே இழுத்துவிட்டு, இன்னொரு குழாயில் திரும்ப உள்ளே விடும் மெஷின் அது. என் ரத்தம் அவளுக்கு ஒத்துப்போனது. என்னிடமிருந்து ஒன்றை எடுத்து அவளுக்கு வைக்கலாம் என்றார்கள்.

"எல்லாம் பொருந்துது, மிஸ்டர் பிச்சைமுத்து," என்றார் டாக்டர். "ஆனா இந்த எடையோட ஒங்கள அறுக்க மாட்டாங்க. ஒண்ண எடுத்த பிறகு மிச்சம் இருக்கிற ஒண்ணு இவ்வளவு பெரிய உடம்புக்கும் வேலை செய்யணும். பிரஷரும் இருக்கு. எண்பத்திரண்டுக்கு வாங்க, கோலாலம்பூர்ல தேதி வாங்கித் தரேன். குடிப்பீங்களா?"

"சனிக்கிழமை, கூட்டாளிங்களோட."

"அதைக் குறைச்சிடுங்க. ரொம்ப நாள் எடுத்துக்காதீங்க. அவங்களுக்கு டைம் இல்ல."

எனக்குப் பயமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. பன்னிரண்டு கிலோ என்றால் அரை மூட்டை அரிசி என்று மட்டும் நினைத்தேன்.

சனிக்கிழமை மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குயின் ஸ்திரீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சீனக் காப்பிக்கடை. நான், லாரி ஓட்டும் வேலு, ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அப்புத்துரை அண்ணே. பெரிய போத்தல், சின்னக் கிளாஸ். யாரும் தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது. யாருடைய கிளாஸும் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் நிரப்ப வேண்டும். இந்த ஏற்பாட்டில் கிளாஸ் ஒருபோதும் காலியாவதில்லை. காலியாகாத கிளாஸை எண்ண முடியாது. அதனால் யார் எவ்வளவு குடித்தார் என்று குடித்தவருக்கே தெரியாது. இருபது வருடமாக எனக்குத் தெரிந்ததில்லை.

நான் கண்டுபிடித்த வழி ஐஸ். கிளாஸ் நிறைய ஐஸ் கட்டிகளை அடுக்கிவிட்டால் இடுக்குகளுக்குள்தான் பீர் இறங்கும். கட்டி கரைந்தால் அந்தத் தண்ணீரும் கிளாஸை நிறைத்தே வைத்திருக்கும். பார்ப்பவருக்கு நிறைந்த கிளாஸ், எனக்குக் கால்வாசி பீர்.

"என்னடா பிச்ச, பீர் குடிக்கிறியா, ஐஸ் கச்சாங் சாப்பிடுறியா?" என்றான் வேலு. சீவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் தின்பண்டம் அது.

"சூடா இருக்கு லா."

"பினாங்குல என்னைக்கு டா சூடு இல்ல? போன வருஷம் மட்டும் பனி பேஞ்சிச்சா?"

"விடு வேலு," என்றார் அப்புத்துரை அண்ணே. "அவனுக்கு ரெண்டாவது கல்யாணம் போல. பொண்ணு வீட்டுல இடுப்பக் கேட்டிருப்பாங்க."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு முகமும் மாறும். மாறிய முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார என்னிடம் தெம்பில்லை.

மேசைக்குப் போகும் முன் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஜபருல்லா பாயின் வெங்காயக் கடைக்குப் போவேன். மூட்டை நிறுக்கும் தராசு அங்கே உண்டு. சின்ன மேடை, மேலே நீளமான கோல், கோலில் நகர்த்தும் ஒரு குண்டு. குண்டு மையத்திலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுக்கு அதன் பலம் கூடும். அதனால்தான் கையளவு இரும்பு ஒரு மனிதனைத் தாங்குகிறது. ஜபருல்லா பாய் குண்டை நகர்த்தி, கோல் நேராக நிற்கும் வரை காத்திருந்து, எண்ணைச் சொல்வார்.

சோற்றைப் பாதியாக்கினேன். பொரித்த மீனை விட்டேன். முதலில் ஒரு கிலோ இறங்கியது, பிறகு இன்னொன்று. அதோடு கோல் தொண்ணூற்றிரண்டில் நின்றுவிட்டது. ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. கோல் அசையவில்லை.

வேலை முடிந்ததும் தினமும் பஸ் பிடித்து சுங்கை பினாங்கில் தங்கையின் அடுக்குமாடி வீட்டுக்குப் போவேன். அவள் கணவன் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. மகள் ஃபேக்டரியில் மாலை ஷிப்டு. அந்த நேரத்தில் வீட்டில் அவள் மட்டும் இருப்பாள்.

சிறுநீரகம் நின்றவர்களுக்குப் பெரிய கஷ்டம் தாகம். குடிக்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லை, அடுத்த மெஷின் நாள் வரை உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும், பிறகு மூச்சு முட்டும். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸ் தண்ணீர்தான் அவளுக்கு, குழம்பில் இருப்பதையும் சேர்த்து. தனலெட்சுமி அதைக் காலையில் அளந்து ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுவாள். தண்ணீராகக் குடித்தால் ஒரு மடக்கில் போய்விடும். கட்டியாக வாயில் வைத்தால் கரைய நேரமாகும், வாயும் மரத்துப்போகும். மரத்த வாய்க்குத் தாகம் குறைவாகத் தெரியும்.

நான் உள்ளே வந்ததும் எனக்கு ஒரு பெரிய போத்தல் ஸ்டவுட் திறப்பாள். கடையில் பீருக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் பானம் அது. இரண்டு முட்டையை உடைத்து நுரைக்க அடித்து, அதன் மேல் கறுப்பாக ஊற்றுவாள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுப்பது, காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்குக் கொடுப்பது. கறுப்பு, கசப்பு, அதனால் உடம்புக்கு நல்லது.

"குடிச்சிரு அண்ணே. ஒரு உறுப்பக் குடுக்கப் போற. ரத்தம் ஊற வேணாமா?"

எதிரில் உட்கார்ந்து நான் குடிப்பதைப் பார்ப்பாள். நான் விழுங்கும்போதெல்லாம் அவள் தொண்டையும் ஏறி இறங்கும். அவள் முன்னால் ஐஸ் வித்தை செல்லாது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கிளாஸைக் கவிழ்த்துக் காட்டுவேன்.

"எடை என்னாச்சு?"

"இறங்குது."

"சரி," என்பாள். எங்கள் பேச்சு அநேகமாக அவ்வளவுதான்.

தொண்ணூற்றிரண்டு நகராததற்கு மேசைதான் காரணம் என்று முடிவு செய்தேன். ஐஸ் போட்டாலும் பீர் பீர்தானே. ஒரு சனிக்கிழமை எழுந்து நின்று, "இனிமே நான் வரல," என்றேன்.

வேலு கிளாஸை வைத்தான். "எங்க மேல கோவமா?"

"கோவம் இல்ல."

"கோவம்னா சொல்லு, சண்ட போட்டுட்டு மறுபடி ஒக்காரலாம். நீ மூணு மாசமா கல்லு மாதிரி ஒக்காந்திருக்க. கேட்டா சூடா இருக்குன்ற. இப்ப வரலன்ற. நாங்க என்னாடா பண்ணோம்?"

"ஒண்ணும் பண்ணல வேலு."

அப்புத்துரை அண்ணே பழக்கத்தில் என் கிளாஸை நிரப்பிவிட்டார். நிரப்பிய பிறகுதான் நான் நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தார். அதை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து வானொலி கேட்டேன். என்ன கேட்டேன் என்று ஞாபகமில்லை. மூன்று வாரம் கழித்து ஜபருல்லா பாய் குண்டை நகர்த்தினார். கோல் நேராக நின்றது.

"அதே தொண்ணூத்திரெண்டுதான் அண்ணே. குடிய விட்டாச்சுன்னு சொன்னீங்களே."

"விட்டாச்சு பாய். ஒரு சொட்டு பீர் இல்ல."

"வேற என்னா சாப்பிடுறீங்க?"

"பாதிச் சோறு, காய்கறி. சாயந்தரம் தங்கச்சி குடுக்கிற ஸ்டவுட்டு. அவ்வளவுதான்."

"தினமுமா?"

"தினமும். முட்ட அடிச்சு."

அவர் என்னைப் பார்த்தார். கிண்டலாகப் பார்க்கவில்லை, நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "எனக்கு ரெண்டுமே ஹராம். நான் ஒண்ணையும் வாயில வெச்சதில்ல. ரெண்டுக்கும் என்னா வித்தியாசம் அண்ணே?"

"பீர் கூட்டாளிங்களோட குடிக்கிறது. ஸ்டவுட்டு மருந்து பாய்."

"டாக்டர் எழுதிக் குடுத்தாரா?"

நான் தராசு மேடையிலேயே நின்றுகொண்டிருந்தேன். பின்னால் கூலியாள் வெங்காய மூட்டையோடு காத்திருந்தான். இறங்கி வழி விட்டேன்.

டாக்டரிடம் போனபோது விளக்கினார். மதுவைச் சேர்த்து வைக்க உடம்பிடம் இடம் கிடையாது. அதனால் உள்ளே வந்ததும் அதை முதலில் எரிக்கும். அது எரிந்து முடியும் வரை சோறும் முட்டையும் வரிசையில் நிற்கும். நின்று அலுத்தவை கொழுப்பாகப் போய் உட்காரும். ஒரு பெரிய போத்தலும் இரண்டு முட்டையும் சேர்ந்தால் நான் விட்ட பாதிச் சோற்றை விட அதிகம். ஒரு வாரம் முழுக்கச் சோற்றிலும் மேசையிலும் நான் மிச்சம் பிடித்ததை இங்கே இரண்டே மாலையில் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க எல்லாம் தெளிவாக இருந்தது. நல்ல விளக்கம் என்று தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

அன்று மாலை தனலெட்சுமி போத்தலைத் திறந்து ஊற்றி முடித்திருந்தாள். கிளாஸ் மேசையில் இருந்தது.

"தனம், இத நான் குடிக்கக் கூடாதாம்."

"இது மருந்துதானே?"

"இல்லயாம். பீர் மாதிரிதான். இதாலதான் எறங்கல."

கிளாஸின் நுரை மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது. நுரை என்பது ஆயிரக்கணக்கான சின்னக் குமிழ்கள். மேலே இருப்பவை உடைய உடைய மட்டம் கீழே வரும். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எறங்குதுன்னு சொன்னியே."

"சும்மா சொன்னேன்."

"அப்ப நாந்தான்," என்றாள்.

"தெரியாமத்தானே."

"தெரியாமத்தான். ஆனா நாந்தான்." காலி போத்தலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "நீ குடுக்கப் போற. நான் சும்மா படுத்திருந்து வாங்கிக்கப் போறேன். எனக்கும் ஏதாவது செய்யணும்னு இருந்திச்சு அண்ணே," என்றாள்.

நான் மேசையில் சிந்தியிருந்த முட்டையைத் துணியால் துடைத்தேன். அவள் கிளாஸை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினாள். அவ்வளவு நீர் குழாய்க்குள் இறங்கும் சத்தத்தை நின்று முழுக்கக் கேட்டாள். பிறகு தன் ஐஸ் தட்டை எடுத்து வந்தாள்.

"ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"அது ஒன் பங்கு. எனக்குக் குழாய்த் தண்ணி இருக்கு."

"வாய்ல வை."

வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் மாலை ஆளுக்கொரு ஐஸ் கட்டி. வாயில் கட்டி இருக்கும்போது பேச முடியாது. எங்களுக்கு அது வசதியாக இருந்தது.

எடை இறங்கத் தொடங்கியது. ஒரு நாள் காலை எடைப்பாலத்தில் ஏறி நின்றேன், ஜன்னலுக்குள் 80 என்றிருந்தது. தொண்ணூறுக்குக் கீழே வந்தால் பக்கத்து எண் அதுதான். ஒரே இரவில் இருபது கிலோ போனதுபோல அந்தப் பெட்டிக்குத் தெரிந்திருக்கும். பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. இறங்கி அறைக்குப் போனேன்.

ஹார்ன் அடித்தது வேலு. ஜன்னல் வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சீக்கா டா? உண்மையச் சொல்லு."

சொன்னேன். நின்றபடியே, லாரியின் எடையை எழுதிக்கொண்டே, நாலு வரியில் சொல்லி முடித்தேன். அவன் முகம் நான் நினைத்ததுபோலவே மாறியது.

"பைத்தியக்காரா," என்றான். "சனிக்கிழம வா. வரலன்னா வீட்டுக்கு வந்து தூக்கிட்டுப் போவேன்."

போனேன். அப்புத்துரை அண்ணே எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். எழுபது வயது மனிதர், அதற்கு முன் யாருக்கும் இழுத்துப் போட்டதில்லை. மூன்று கிளாஸ் வந்தது. இரண்டில் பீர். மூன்றாவதில் வேலு வெறும் ஐஸ் கட்டிகளை விளிம்பு வரை அடுக்கி என் முன்னால் தள்ளினான்.

"வடிவா கரையட்டும்," என்றார் அப்புத்துரை அண்ணே. "ஆறுதலாக் குடி." அவர் ஊர்ப் பேச்சில் வடிவா என்றால் நன்றாக, ஆறுதலா என்றால் மெதுவாக.

வேலு அவருடைய பழைய மலாக்கா கதையைச் சொல்லச் சொன்னான். கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கதை. போதை இல்லாமல் கேட்டபோது அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஆனாலும் சிரிக்க வேண்டிய இடம் எனக்குத் தெரியும். என் கிளாஸ் கரைந்து பாதிக்கு இறங்கும்போதெல்லாம், கதையை நிறுத்தாமலே, யாராவது ஒருவர் கை நீட்டி இரண்டு கட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டு முடிவதற்குள் ஆஸ்பத்திரித் தராசு எண்பத்திரண்டைக் காட்டியது. டாக்டர் கோலாலம்பூருக்குப் போன் போட்டு ஜனவரியில் தேதி வாங்கினார். பட்டர்வொர்த்திலிருந்து ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு சுங்கை பினாங்குக்குப் போனேன்.

தனலெட்சுமி டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாள். தேதியை வாய்க்குள் படித்தாள்.

"சரி," என்றாள். "பசிக்குதா?"

யோசித்துப் பார்த்தேன். பசிக்கிறதா என்று தெரியவில்லை.

அவள் ஐஸ் தட்டைக் குழாய்க்கடியில் ஒரு நொடி காட்டி, திருகி, இரண்டு கட்டிகளை எடுத்தாள். ஒன்றை என் கையில் வைத்தாள். நாங்கள் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தோம். கீழே யாரோ சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாக்கின் நடுவிலிருந்து மரத்துக்கொண்டு வந்தது, பிறகு ஓரங்கள், பிறகு உதடு. அவள் கட்டி கரைந்து முடியும் வரை நான் என்னுடையதைக் கடிக்காமல் வைத்திருந்தேன்.