ஹப் கழலும்வரை மதியத் தூக்கம்

எங்கள் ஷெட்டில் நின்ற காருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் யாரும் முதலில் என்னை நலம் விசாரிப்பதில்லை. மட்கார்டின் வளைவைத் தடவிப் பார்த்து, "இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்யறான்?" என்று உருகிவிட்டு, அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, "நீங்க சௌக்கியமா?" என்பார்கள்.

வண்டி நன்றாக ஓடும். நிற்பதில்தான் சிக்கல். கடைசியாக நான் வெளியே எடுத்தபோது தபால் ஆபீஸில் நிறுத்த நினைத்து நூலகத்தில் நிறுத்தினேன். இரண்டுக்கும் நடுவே ஒரு தெரு முழுசாக இருக்கிறது. நூலகத்தின் கீழ்ப்படி இன்றைக்கும் மற்ற படிகளைவிடக் கொஞ்சம் பின்வாங்கியே இருப்பதை நீங்கள் போய்ப் பார்க்கலாம். இடது பின்சக்கரத்தில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல், போய்விட்டது. ஆக்சில் வழியாக எண்ணெய் கசிந்து பிரேக் கட்டைகளை நனைத்துவிட்டது. எண்ணெய் பூசிய கட்டை எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும்?

சீலை மாற்றுவது அரை மணி நேர வேலை. ஆனால் சீல் இருப்பது ஹப்புக்குப் பின்னால். ஹப் என்பது சக்கரத்துக்கு நடுவில், ஆக்சிலின் நுனியில் உட்கார்ந்திருக்கும் ஒரு இரும்புக் குண்டான். அந்த நுனி கூம்பாக இருக்கும். அதனால் வண்டி ஓட ஓட ஹப் இன்னும் இன்னும் இறுகிக்கொண்டே போகும். இந்த வண்டி ஐம்பது வருஷம் ஓடியிருக்கிறது. இப்போது ஆக்சில் எங்கே முடிகிறது, ஹப் எங்கே தொடங்குகிறது என்று அவை இரண்டுக்குமே மறந்துபோயிருந்தது.

என் மனைவி அந்தக் காரைக் கார் என்று சொல்லமாட்டாள். "உங்க சக்களத்தி" என்பாள். அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஷெட்டைக் கார் அடைத்துக்கொண்டதால் வாஷிங் மெஷின் வீட்டு நடையில் நின்றது. சமையலறைக்குப் போகிறவர்கள் அதைக் கட்டிப்பிடித்துத்தான் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் துணியெல்லாம் காருக்குள்தான் காயும். ஸ்டியரிங்கில் என் பனியன், சீட்டுகளில் அவளுடைய ரவிக்கைகள், பின்னால் வரிசையாகத் தலையணை உறைகள். கண்ணாடி வழியே பார்த்தால் ஒரு குடும்பம் உடம்பை வீட்டில் விட்டுவிட்டுச் சுற்றுலா கிளம்பியது போலிருக்கும்.

ஒருநாள் அந்தத் தலையணை உறைகளில் கிரீஸ் வாசனை வந்தது. அதோடு அவள் பொறுமை முடிந்தது.

"வெள்ளிக்கிழமை காலையில பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள அந்த ஹப்போ கிப்போ, அது கழண்டு வந்துச்சுன்னா உங்க சக்களத்தி இருந்துட்டுப் போகட்டும். வரலைன்னா அவ கிளம்பட்டும், மெஷின் அங்க வரட்டும்."

"வார்த்தை மாறமாட்டியே?"

"நான் என்னைக்கு மாறியிருக்கேன்?"

மாறியதில்லை. அவளிடம் நான் பயப்படுகிற குணமே அதுதான்.

உடனே மச்சானுக்குச் சொல்லி அனுப்பினேன். மச்சான் என் மனைவியின் தம்பி. பல் டாக்டர். அவனுடைய கிளினிக் அடுத்த தெருவில். உடனே வந்து நின்றான்.

"ஆளுங்க காத்திருப்பாங்களேடா?"

"காத்திருக்காங்க அத்தான். கொஞ்சம் பயம் ஏறட்டும். அப்பதான் வாயைத் திறப்பாங்க."

வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினோம். அவன் குனிந்து ஹப்பை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டி, பழக்க தோஷத்தில், "இங்க வலிக்குதா?" என்று கேட்டான். கார் பதில் சொல்லாததால் ஆழமான பிரச்சினை என்று முடிவு செய்தான்.

நடுவில் இருந்த பெரிய நட்டைத் திருக ஸ்பேனரில் ஆள் நீள இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் இரண்டு பேரும் ஏறி நின்றோம். குழாய் வானவில்லாக வளைந்தது. நாங்கள் தரையைத் தொட்டோம். அப்புறம்தான் நட் மனமிரங்கியது. அடுத்தது ஹப். சம்மட்டியால் அடித்தோம். நான் அடித்த அடியில் எதிர்வீட்டில் பல வருஷமாக நின்றுபோயிருந்த சுவர்க்கடிகாரம் ஓடத் தொடங்கியது. மச்சான் அடித்த அடியில் அதே கடிகாரம் மறுபடி நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் ஊற்றினோம். வெந்நீர் ஊற்றினோம். மச்சான் மரத்துப்போகும் ஊசி ஒன்றைக்கூடக் கையில் எடுத்தான். நான்தான் தடுத்தேன். அக்கம்பக்கத்தில் அசையக்கூடியது எல்லாம் அசைந்தது. ஹப் மட்டும் அசையவில்லை.

கடைசியில் லேத் பட்டறைக்காரர் தன் புல்லரைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். மூன்று கால் உள்ள இரும்புச் சிலந்தி அது. கால்கள் ஹப்பைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் உள்ள தடித்த போல்ட்டைத் திருகினால் அது ஆக்சிலை உள்ளே தள்ளும், கால்கள் ஹப்பை வெளியே இழுக்கும்.

"இதை நல்லா இறுக்கிட்டு விட்டுடுங்க. அவசரப்படாதீங்க. இழுவை இருந்துக்கிட்டே இருந்தா, அதுவா ஒரு நேரம் பார்த்து விட்டுக்கொடுக்கும்" என்றார். "ஆனா அந்த நட்டை முழுசாக் கழட்டிடாதீங்க. நுனியில நாலு சுத்தாவது இருக்கட்டும். கழலும்போது பீரங்கிக் குண்டு மாதிரி வரும். எங்க மாமனார் வீட்டுச் சுவத்துல ஒரு ஹப் இன்னும் பதிஞ்சு கெடக்கு. எடுக்க முடியலை. மேல காலண்டர் மாட்டிட்டாங்க."

எங்கள் சமையலறை ஜன்னல் ஷெட்டைப் பார்த்து இருக்கிறது. அங்கே பாத்திரம் கழுவுகிற சத்தம் சற்று நின்று, பிறகு தொடர்ந்தது.

மறுநாளிலிருந்து எனக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. காலையில் போல்ட்டை இறுக்குவேன், கண் பிதுங்கும்வரை. சாப்பிடுவேன். மதியம் தூங்குவேன். என் மதியத் தூக்கம் சாதாரணமானதல்ல. ஒருமுறை நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்கு வெள்ளையடித்து, என்னையும் சேர்த்து அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாயங்காலம் எழுந்து ஷெட்டுக்குப் போய், மாட்டியபடியே விட்டிருந்த ஸ்பேனரைத் திருகிப் பார்ப்பேன்.

போல்ட் தளர்ந்திருக்கும்!

காலையில் மலைபோல நின்ற போல்ட், சாயங்காலம் ஒரு விரலுக்குச் சுழலும். முதல் நாள் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மச்சான் வாயில் முகமூடியோடு ஓடிவந்தான்.

"வேர் தளருது அத்தான்!"

"ஹப் கொஞ்சம்கூட வெளிய வந்த மாதிரி தெரியலையேடா."

"வெளிய தெரியாது. உள்ளுக்குள்ள நகருது. கடவாப் பல்லும் அப்படித்தான். கடைசி நிமிஷம்வரைக்கும் கல்லு மாதிரி இருக்கும், அப்புறம் கையோட வந்துடும்."

"அப்ப இழுவை வேலை செய்யுதுங்கறே?"

"செய்யாம? இல்லைன்னா போல்ட் ஏன் தளருது? அதுவா தளருமா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை என்பதால் அதையே நிரூபணமாக எடுத்துக்கொண்டோம். மறுநாளும் இறுக்கினேன், மறுநாளும் தளர்ந்தது. தளர்ந்த சுற்றுகளை நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். என் கணக்குப்படி ஹப் இந்நேரம் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் அது அங்கேயே இருந்தது. மனைவியிடம் சொன்னேன்.

"நல்லா நகருது. நாளைக்கோ நாளன்னைக்கோ வந்துடும்."

"வந்தா சந்தோஷம்" என்றாள். சோறு ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள். "வெயில்ல நின்னு களைச்சுட்டீங்க. சாப்பிட்டுட்டு நல்லாத் தூங்குங்க."

இத்தனை வருஷத்தில் என் தூக்கத்தைப் பற்றி அவள் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளம் நெகிழ்ந்துவிட்டது. இன்னும் அதிகமாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பழைய இரும்புக்காரரின் லாரி எட்டுமணிக்கே வந்து நின்றது. அவர் வருவதற்குள் கடைசியாக ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்று நான் போல்ட்டை என் உயிரையே கொடுத்து இறுக்கியிருந்தேன். வழக்கமாக ஸ்பேனரின் குழாய் மேலே நிமிர்ந்து நிற்கும்படி மாட்டுவேன். அன்று ஹப்புக்கு நேர்மேலே அவள் ஈரப் போர்வையைக் காயப்போட்டிருந்தாள். அதில் கிரீஸ் பட்டால் லாரியில் என்னையும் ஏற்றிவிடுவாள் என்று பயந்து, குழாய் கீழே தொங்கும்படி மாட்டி இறுக்கி, அப்படியே விட்டிருந்தேன்.

பழைய இரும்புக்காரர் காரைச் சுற்றி வந்தார். சவ அடக்கத்துக்கு வந்தவரைப் போல மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். "ரொம்ப நல்ல வண்டிங்கய்யா" என்றார்.

"இந்தச் சிலந்தி யாருது?"

"லேத்துக்காரருது. இரவல்" என்றான் மச்சான்.

"அப்ப அதைக் கழட்டிக் குடுத்துடுங்க. நான் சங்கிலி மாட்டறேன்."

"நான் கழட்டமாட்டேன்" என்றேன். "இன்னும் ஒரு சாயங்காலம் குடுத்தா ஹப் வந்துடும். தினமும் தளர்ந்துக்கிட்டே வருது. இந்த நிலைமையில நிறுத்தறது பாவம்."

"ஆமாங்க" என்றான் மச்சான். "வேர் முழுசாத் தளர்ந்தாச்சு. பாதியில நிறுத்தினா வீங்கிடும்."

இரும்புக்காரர் தன் தாடையைத் தடவிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

மனைவி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தாள். "தள்ளுங்க, நானே கழட்டறேன்."

"உனக்கு அது எந்தப் பக்கம் திருகணும்னு தெரியுமா?"

"ஏன் தெரியாது? தினமும் நான்தானே கழட்டிக்கிட்டு இருக்கேன்!"

நானும் மச்சானும் ஒன்றாகக் கேட்டோம்:

"என்னது?"

"ஆமா. நீங்க தூங்கினதும் வந்து லூஸ் பண்ணிட்டுப் போவேன். குண்டு மாதிரி வரும்னு அந்த மனுஷன் சொன்னாரு. நீங்க என்னடான்னா சாயங்காலம் ஆனா அதுக்கு நேரா உக்காந்துக்கிட்டு மூக்கை உள்ள விட்டுப் பாக்கறீங்க. அது மூஞ்சியில அடிச்சா? எனக்கு இருக்கறது ஒரே ஒரு புருஷன்."

மச்சான் மெல்ல என் காதில், "அப்ப வேர்..." என்று தொடங்கினான். "வாயை மூடுடா" என்றேன். அவன் தொழிலில் அந்த வார்த்தையை அவனிடம் யாரும் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரே ஒரு விதிதான் தெரியும்: குழாயை, வாஷிங் மெஷின் நிற்கிற நடையை ஒட்டிய சுவர்ப்பக்கமாக இழுத்தால் தளரும். குழாய் மேலே நிமிர்ந்து நிற்கிறவரைக்கும் அது சரியான விதி. அன்று குழாய் கீழே தொங்கியது. கீழே தொங்கும் குழாயைச் சுவர்ப்பக்கம் இழுத்தால் போல்ட் இறுகும். இது எனக்குப் புரிந்தது, மச்சானுக்கும் புரிந்தது. நாங்கள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் தரையில் உட்கார்ந்து, ஒரு காலை வண்டியின் ஸ்பிரிங்கில் உதைத்துக்கொண்டு, நடையில் அந்த மெஷினைக் கட்டிப்பிடித்த அத்தனை வருஷக் கோபத்தையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

வெடித்தது.

அந்தச் சத்தத்தைப் பற்றி நான் கூட்டிச் சொல்வதில்லை. கோழிகள் அன்று இட்ட முட்டைகள் ஏற்கனவே வெந்திருந்தன, அவ்வளவுதான். எதிர்வீட்டுக் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கி, இன்றுவரை சரியான நேரம் காட்டுகிறது. மச்சானின் கிளினிக்கில் காத்திருந்த ஒரு பெரியவருக்கு, ஆடிக்கொண்டிருந்த பல் தானாக மடியில் விழுந்தது. அதற்கும் இவன் கட்டணம் வாங்கிக்கொண்டான்.

புகைபோல எழுந்த தூசி அடங்கியது. ஹப், நாலு சுற்று விட்டுவைத்திருந்த நட்டில் தட்டி நின்று, ஆக்சிலின் நுனியில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. என் மனைவி குழாயைப் பிடித்தபடி மல்லாந்து கிடந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் ஹப்பைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கழண்டுடுச்சா?"

"கழண்டுடுச்சு."

"நானா?"

"நீதான்."

இரும்புக்காரர் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டார். "அம்மா, இப்ப ஏத்தவா, வேண்டாமா?"

அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள். முகத்தில் கிரீஸ் ஒரு பட்டையாக இழுத்திருந்தது. இருபது வயது குறைந்தது போலிருந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா இருக்கட்டும்னு சொன்னேன். வந்துடுச்சு. நான் வார்த்தை மாறமாட்டேன்" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் விடாமல், "ஆனா கழட்டினது யாரு?" என்றாள்.

மறுநாள் சீல் மாறியது. வலது பக்கத்துச் சீலையும் மாற்றிவிட முடிவானது, ஆனால் அந்த ஹப்பை நான் தொடக்கூடாது என்று உத்தரவு. அதை அவளே உட்கார்ந்து ஒரே இழுப்பில் எடுத்தாள். இந்த முறை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று தெரிந்தே இழுத்தாள். லேத் பட்டறைக்காரர் இப்போதெல்லாம் பிடிவாதமான ஹப் எது வந்தாலும், "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டு ஆள் அனுப்புகிறார். அவள் போவாள். நான் குழாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன்.

காரும் வீட்டோடு இருக்கிறது. ஆனால் வாசல் பக்கம், வெயிலில். ஷெட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது. ஸ்டியரிங்கில் என் பனியன்கள் காய்வதில்லை, அங்கே அவள் கைகள் இருக்கின்றன. தபால் ஆபீஸில் நிறுத்த நினைத்தால் தபால் ஆபீஸிலேயே நிறுத்துகிறாள். நான் பின்சீட்டில் துணிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். சக்களத்திகள் இருவரும் இப்போது ஒரு கட்சி.

எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்றுதான். எங்கள் குளியலறைக் குழாயை நான் காலையில் இறுக்கி மூடிவிட்டு வருகிறேன். சாயங்காலம் பார்த்தால் சொட்டுகிறது. இத்தனை வருஷமும் வாஷர் தேய்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மதியத்தில் தூங்குவதை நிறுத்திவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.