தேருக்குப் பின்னால் காயும் தார்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்காரர் ஒருவர், வெயில் காலத்தில் பாதங்களைக் காப்பது எப்படி என்று எழுதித் தரச் சொன்னார். “தார் ரோட்டில் நடக்கும்போது செருப்பு அணியுங்கள்” என்று முதல் வரியை எழுதினேன். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால்குடம் தூக்குகிறவள் எந்தச் செருப்பை அணிவாள்? கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

2

இலங்கையில், மாத்தளைக்குக் கிட்டே ஒரு கடைத்தெரு. (ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள், கோயிலும் நான் கட்டியதுதான்.) அறுபதுகளின் தொடக்கம். ரோட்டுக்குத் தார் போட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மாசித் தேர். கதிரவன் தன் பொற்கரங்களால்… சீ! வெயில் மண்டையைப் பிளந்தது, அவ்வளவுதான்.

மங்களேஸ்வரி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். மகள் காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு வருஷம் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். போன வருஷம் உள்ளங்கால் தோல் உரிந்து, மலைக்கு வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டாள். “சாமி காரியம், பொறுத்துக்க புள்ள” என்றான் வடம் பிடிக்கும் அவள் புருஷன் கணபதி. இன்னொரு தரம் படுத்தால் பேரை வெட்டிவிடுவேன் என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருக்கிறார். பேர் போனால் வேலை போயிற்று.

தேருக்கு முன்னால் தண்ணீர் வண்டி ரோட்டை நனைத்துக்கொண்டு போகும். அது வடம் இழுக்கும் ஆண்களுக்கு. குடம் சுமக்கும் பெண்கள் தேருக்குப் பின்னால்தான் வர வேண்டும். அவர்கள் வருவதற்குள் தார் காய்ந்து மறுபடி கொதிக்கும். குடத்தைக் கோயில் சேரும்வரை இறக்கவும் கூடாது.

3

இங்கே ஸுபைதாவைக் கொண்டுவரத் தயங்கினேன். அம்மன் தேரில் முஸ்லிம் பெண் தண்ணீர் ஊற்றினால் ஒற்றுமை நாடகம் என்பீர்கள். கதையிலிருந்து வெட்டியும் பார்த்தேன். ஆனால் கிணறு அவள் வீட்டில்தானே இருக்கிறது, நான் என்ன செய்ய?

“அல்லாஹ்வே, இந்தப் பொம்புளைகள்ட கால் வேகுதே!” என்று, வீட்டின் முன்கட்டில் இருந்த கணவன் புஹாரியின் கடைக்குள்ளிருந்து வாளியோடு ஓடிவந்தாள்.

காருக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்த தேர்க்குழுத் தலைவர் சண்முகராஜா தலையை நீட்டினார். “ஊத்தாதீங்க! பொணம் போன தெருவா இது, பின்னால தண்ணி ஊத்துறதுக்கு? அபசகுனம்!”

ஸுபைதாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“அப்ப எங்கள முன்னால விடுங்க மொதலாளி, ஈரத்துல நடந்துருவோம்” என்றாள் மங்களேஸ்வரி.

“பொம்பளைங்க தேருக்கு முன்னாலயா? எந்த ஊரு வழக்கம்? வேண்டுதல்னா கொஞ்சம் சுடத்தான் செய்யும்.”

(வழக்கமாம்! தாரும் காரும் ஒலிபெருக்கியும் மட்டும் எந்தக் காலத்து வழக்கம்?)

4

முதல் பிரதியில் மங்களேஸ்வரி கண்ணீரோடு… இல்லை. எத்தனை கதைகளில் அழுதுவிட்டாள்! போதும். இந்தப் பிரதியில் அவள் தலைக்குடத்தோடு வரிசையை விட்டு விலகினாள். தேரைச் சுற்றிக்கொண்டு போய், வடத்துக்கு முன்னால், ஈரத்தில் நின்றாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக அவள் பின்னாலேயே போனார்கள்.

“தண்ணி வண்டிய நிப்பாட்டு!” என்று ஒலிபெருக்கி அலறியது.

வண்டி நின்றது. பெண்கள் வழியில் நிற்க, தேரும் நின்றது. ரோட்டின் ஈரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வற்றியது. வடம் பிடித்தவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள்.

“ஐயோ, சுடுது புள்ள!” என்றான் கணபதி.

“ஆமாங்க. சுடும்” என்றாள் மங்களேஸ்வரி. அவள் காலும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் அசையவில்லை.

5

முடிவுக்கு மழையைக் கூப்பிட்டேன், அந்த வரியை அடித்துவிட்டேன். மழைக்கு அவ்வளவு அக்கறை இருந்தால் போன வருஷமே வந்திருக்கும். சண்முகராஜா மனம் திருந்துவதாகவும் எழுதிப் பார்த்தேன். காலைக் கீழே வைக்காத மனுசன் எப்படித் திருந்துவார்?

ஸுபைதா நிறைந்த வாளியோடு இன்னும் கடை வாசலில் நிற்கிறாள். வடம் பிடித்த ஆண்கள் இதோ தண்ணீர் கேட்டுக் கத்தப் போகிறார்கள். தங்கள் காலுக்கு மட்டும் கேட்பார்களா, அந்தப் பெண்களின் காலுக்கும் சேர்த்தா? அந்த வரியை நான் எழுத மாட்டேன். நீங்கள் எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு, நடுப்பகலில், ரோட்டில் வந்து நில்லுங்கள்.