காலி வரியில் ஒரு நீலப் புள்ளி

மதியம் அலுவலகத்தில் சாப்பிடும்போது இஸ்திரி அவளிடம் சாதாரணமாகத்தான் சொன்னான்.

"நேத்து சாயங்காலம் உன் ஃபைலையும் ஒரு தேய் தேய்ச்சு வச்சிட்டேன். ஒரு வரி ரயில் மாதிரி போய்க்கிட்டே இருந்துச்சு. பெட்டி பெட்டியா கழட்டிக் கீழ கீழ அடுக்கிட்டேன்."

யார் எழுதிய கணினி நிரலையும் சுருக்கம் எடுத்து மடித்து வைப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

அவள் எழுதுவது லிப்டை இயக்கும் நிரல். மேசையில் லிப்ட் ஏது? அதனால் சோதிக்கும்போது, நிரலை ஓடவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு வரிகளை முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு உறங்க வைப்பாள்; கணினி அவற்றைத் தாண்டிப் போய்விடும். உறங்க வைத்த ஒவ்வொரு வரிக்கும் எடிட்டரில் ஒரு புக்மார்க். ஓரத்தில் நீலப் புள்ளி விழும். வேலை முடிந்ததும் எஃப்-டூ விசையைத் தட்டித் தட்டிப் புள்ளிக்குப் புள்ளி தாவி, ஒவ்வொன்றாக எழுப்பிவிடுவாள். இன்று காலையும் எழுப்பினாள். கடைசிப் புள்ளி மட்டும் ஒரு காலி வரியில் கிடந்தது. கை தவறி வைத்திருப்பேன் என்று விட்டுவிட்டாள்.

ஃபைலை வெளியிலிருந்து யாராவது மாற்றி வரிகள் கீழே இறங்கினால் அந்தப் புள்ளி வரியோடு நகராது. பழைய வரி எண்ணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும்.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். எஃப்-டூ. காலி வரி. கீழே உருட்டினாள். ஒரு திரை தள்ளி அது நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது: லிப்ட் கூண்டின் கூரைமேல் நிற்பவர் அதை நிறுத்த அமுக்கும் சிவப்புப் பொத்தானைக் கவனிக்கும் வரி.

நிரலைக் காலையில் வாங்கிப் போனது அவள் அண்ணன், அதே கம்பெனியில் லிப்ட் பொருத்தும் ஃபிட்டர். நிரலை லிப்டில் ஏற்றியதும் கூண்டின் கூரைமேல் நின்று ஓட்டிப் பார்ப்பான்.

அவன் கைபேசி தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. மறுபடியும். மறுபடியும். அவன் இன்று வேலை செய்யும் கட்டடத்தின் காவலாளிக்கு அடித்தாள்.

"அண்ணனா? அப்பவே மேல ஏறிட்டாரும்மா."

"ஐயா, மெயின் சுவிட்சை இறக்குங்க. உடனே!"

"அதைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நீ வேற."

"ஒடிச்சா ஒடிக்கட்டும், நான் கட்டுப் போடுறேன்! உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், இறக்குங்கய்யா!"

கைபேசியை மேசையில் வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம் அவசரமில்லாமல் தேய்ந்து போனது. பிறகு கைபேசிக்கு அப்பால் எங்கோ ஒரு மோட்டார் முனகத் தொடங்கியது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திரையில் புள்ளி அசையாமல் இருந்தது. சின்ன வயதில் கண்ணாமூச்சியில் அண்ணன் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்தும் தேடுவதுபோல் நடிப்பாள். ஏன் இப்போது அது நினைவுக்கு வருகிறது?

முனகல் நின்றது.

எதனால் நின்றது என்று தெரியவில்லை. ஒரு குரலும் இல்லை. நெடுநேரம்.

"என்னடி?" காவலாளியின் கைபேசியில் அண்ணன்தான். மூச்சு வாங்கியது.

"அண்ணா... அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கினியா?"

"அமுக்கினேன். நிக்கலை. தலைக்கு மேல உத்தரம் வந்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம்தான் கரண்டு போச்சு."

"நான்தான்," என்றாள். "நான்தான் விட்டுட்டேன்."

அவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை.